வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எக்ஸ்ரே பரவலாகாத காலத்தில் நியூயார்க் போன்ற பெருநகரில் காசநோயை எப்படிக் கண்டறிந்தார்கள்? ஏழைகளுக்கு மருத்துவம் கிடைத்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அடையாளம் கண்ட பிறகு, சளிப் பரிசோதனையே நம்பகமான வழியாயிற்று. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய ஹெர்மன் பிக்ஸ், 1890-களில் அதை இலவசமாக்கினார். மருத்துவர்கள் நோயாளியின் சளியைப் புட்டியில் அடைத்து, குறிப்பிட்ட மருந்துக்கடைகளில் கொடுத்துவிட்டால், துறையின் ஆட்கள் அதை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வார்கள். அங்கே கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயமேற்றி அமிலத்தால் கழுவினால், மற்றவை நிறமிழக்க, காசநோய்க் கிருமிகள் மட்டும் மெல்லிய சிவப்புக் கோல்களாக எஞ்சி நிற்கும்.

நோயாளிகளின் விவரத்தைத் துறைக்குத் தெரிவிப்பதை 1897-இல் கட்டாயமாக்கியபோது, மருத்துவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். நோயாளியின் இரகசியம் என்று அவர்கள் வாதிட்டாலும், வருமானம் போய்விடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

1904-இல் நகராட்சியின் காசநோய் மருத்துவமனை வெளிநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. செவிலியர்கள் குடியிருப்புகளின் படியேறிச் சென்று, சளியைத் துப்பும் முறையையும் சன்னல்களைத் திறந்து வைப்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவம் என்பது பெரும்பாலும் ஓய்வு, பால், முட்டை, தூய காற்று ஆகியவைதான். ஓய்வுபெற்ற படகுகள்கூடப் பகல்நேரச் சிகிச்சை முகாம்களாயின. அறிவுரைக்கு இணங்காத ஏழைகளை நார்த் பிரதர் தீவிலுள்ள மருத்துவமனையில் வலுக்கட்டாயமாக அடைத்துவைத்ததும் உண்டு. கிருமியையே தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.