இரண்டு ஆண்மான்களின் கொம்பு வேறுபடுவது வம்சத்தாலா, மேய்ச்சலாலா?

கேள்வி: கங்கைகொண்டான் அருகே மானாவாரியில் உளுந்து போட்டிருக்கிறேன். சரணாலயப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்களில் உடலளவு ஒத்த இரண்டு ஆண்மான்கள் உண்டு. ஒன்றுக்குக் கொம்பு நீண்டு கிளைத்திருக்கிறது, மற்றதற்குக் குட்டை. காரணம் வம்சமா, மேய்ச்சலா? வரப்பில் கிடந்த ஒரு கொம்பை எடுத்து வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஐயா, முதலில் அந்தக் குட்டைக் கொம்பை மென்மயிர்த் தோல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக்கும் வல்லநாட்டு வெளிமானுக்கும் உள்ள கொம்பு ஆயுள் முழுதும் நிலைப்பது; புள்ளிமானின் கொம்போ முழு எலும்பு, உதிர்ந்து மீண்டும் முளைப்பது. குளிர்நாட்டு மான்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கின்றன. நம் புள்ளிமான்களில் ஒவ்வோர் ஆணுக்கும் காலக்கணக்கு வேறுபடுவதால், முதிர்ந்த கொம்பும் வளரும் கொம்பும் ஒரே மந்தையில் தென்படும். தோல் மூடியிருந்தால் அது இன்னும் வளர்கிறது என்றே பொருள்.

தோல் உரிந்து இறுகிய பின்னும் குட்டையாகவே இருந்தால், வயது குறைவாக இருக்கலாம். இல்லையெனில் வம்சத்தையும் மேய்ச்சலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பல்லாண்டுகள் கவனித்த ஆய்வில், கொம்பு எடையின் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையால் வருவதாகத் தெரிந்தது. கொம்பே முளைக்காத தாயும் அந்தப் பண்பைத் தன் ஆண்குட்டிக்குக் கொடுக்கிறது. பொலிகாளை வாங்கும்போது தாய்ப்பசுவின் கறவையை நாம் விசாரிப்பதும் இந்த நியாயத்தால்தான். மேய்ச்சலின் பங்கும் பெரிது. வளரும் கொம்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைத் தீனி முழுதும் தர இயலாதபோது, மானின் உடல் அதை விலா எலும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மழை பொய்த்த ஆண்டில் நல்ல வம்சத்து மானுக்கும் கொம்பு சிறுக்கும்.

நீங்கள் கேட்காத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது மந்தைக்குள் அந்த மானுக்கு இருக்கும் இடம். கொம்பு வளரும் மாதங்களில் அது மென்மையாக இருப்பதால், ஆண்மான்கள் கொம்பால் மோதாமல் பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களால் அடித்துக்கொண்டு யார் மேல் என்பதைத் தீர்த்துக்கொள்கின்றன. அப்போது மேல்நிலையில் இருந்த ஆணுக்குக் கொம்பு பெரிதாவதைச் செம்மான்களில் கண்டிருக்கிறார்கள். துரத்தப்படும் மானுக்கு நிம்மதியான மேய்ச்சல் கிடைப்பதில்லை என்பதோடு, கொம்பை முதிரச் செய்யும் ஆண் இயக்குநீரின் அளவும் மந்தை நிலையை ஒட்டி மாறுகிறது. மேல்நிலையில் உள்ள செம்மானே முதலில் கொம்பை உதிர்ப்பதும், உதிர்த்தவுடன் கொம்புள்ள மற்றவற்றுக்குச் சிறிது காலம் பணிந்துபோவதும் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்தி.

ஆகையால் ஓராண்டுக் கொம்பை மட்டும் கண்டு வம்சத்தைக் குறைகூறுவதை நான் ஏற்கமாட்டேன். காதுக் கிழிசல், தழும்பு போன்ற அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த கொம்பு முளைத்து முதிரும் வரை கவனியுங்கள்.

எடுத்த கொம்பை வீட்டில் வைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் சிக்கல் வரும். கிடந்த இடத்தைச் சொல்லி வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பகுதி சொரசொரப்பாகத் தனியே முடிந்திருந்தால் அது தானாக உதிர்ந்தது. மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தால் இறந்த மானுடையது. அதையும் மறவாமல் தெரிவியுங்கள்.