கிராண்ட் தேதியைக் காட்டி பயமுறுத்துகிறார்களா?

"ஃபார்லிமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டை 380,000 ரிங்கிட்டுக்கு விற்கிறோம். 2017-இல் மேம்பாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியது. சாவி 2020-இல் கிடைத்தது, ஸ்ட்ராட்டா கிராண்ட் என்கிற வீட்டு உரிமைப் பத்திரம் 2023-இல்தான் எங்கள் பெயருக்கு வந்தது. கிராண்ட் வந்து ஐந்து வருடம் ஆகாததால் வரி உண்டு என்கிறார் முகவர். 'வாழ்நாள் விலக்கு' எழுதிக் கொடுத்தால் தப்பலாமாம், அதற்கு 2,500 ரிங்கிட்டைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். போடலாமா?" – ஆயர் ஈத்தாம் வாசகி

போடாதீர்கள் சகோதரி.

ஆர்.பி.ஜி.டி. என்கிற சொத்து இலாப வரிக்கு நீங்கள் வீடு வாங்கிய நாள் என்பது எஸ்.பி.ஏ.வில், அதாவது வாங்கல் விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள தேதிதான். சாவியும் கிராண்டும் எப்போது வந்தால் என்ன, உங்கள் கணக்கு 2017-இல் ஆரம்பித்துவிட்டது. மலேசியக் குடிமக்கள் ஐந்து வருடம் தாண்டி விற்றால் 2022 ஜனவரி 1 முதல் வரி விகிதம் பூஜ்ஜியம். அவ்வளவுதான்.

அந்த வாழ்நாள் விலக்கு விஷயம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. அது பொய்யில்லை, சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஆயுளில் ஒரே முறை, ஒரே ஒரு குடியிருப்பு வீட்டுக்கு. எழுதிக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. வரியே இல்லாத விற்பனைக்கு அதை ஏன் செலவழிக்க வேண்டும்? நாளைக்கு இன்னொரு வீடு வாங்கி, ஏதோ அவசரத்தில் இரண்டே வருடத்தில் விற்க நேர்ந்தது, செலவெல்லாம் போக 80,000 ரிங்கிட் இலாபம் என்று வையுங்கள். சட்டம் தரும் கழிவு 10,000 போக மீதி 70,000-க்கு 30%, அதாவது 21,000 ரிங்கிட் கட்ட வேண்டும். அந்த நாளுக்குத்தான் இந்த விலக்கு. இதை 2,500 வாங்கிக்கொண்டு எரிக்கச் சொல்கிறவரை முகவர் என்று சொல்லவே மனம் வரவில்லை.

வரி இல்லை என்பதால் பாரம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2025 முதல் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. கணக்கை நாமே போட்டு, விற்பனை ஒப்பந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் மைடெக்ஸ் இணையதளம் வழியாக அனுப்ப வேண்டும், தப்பானால் அபராதமும் நம் தலையில். வேலையை மக்கள் பக்கம் தள்ளியவர்கள் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் விளக்கம் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

வழக்கமாக வாங்குபவர் தரப்பு விலையில் 3%-ஐ, உங்கள் விஷயத்தில் 11,400 ரிங்கிட்டை, பிடித்து வருமான வரி வாரியத்தில் கட்டும். வரியில்லா விற்பனை என்று உங்கள் வழக்கறிஞர் சி.கே.எச்.டி. 3 பாரத்தைப் போட்டு, அதன் நகலை அவர்களுக்குக் கொடுத்தால் பிடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேளுங்கள். பிடித்துவிட்டால் திரும்ப வாங்கத் தனியாக அலைய வேண்டும்.

அப்புறம், அந்த முகவரிடம் சிவப்பு ஆர்.இ.என். அட்டையை, அதாவது சொத்து விற்றுத் தருபவர்களுக்கான பதிவு அட்டையைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணை, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். உண்மையான எண்ணாகவே இருந்தாலும் தன் சொந்தக் கணக்கில் பணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அதை அழிக்காமல் வைத்து, அதே வாரியத்தில் புகார் கொடுங்கள்.