அழுத்தித் தேய்த்தும் ஈறில் இரத்தம் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. விடியற்காலையில் தறியில் உட்காருவதற்கு முன் ஒரு முறையும் இரவு படுக்கப் போகும்போது ஒரு முறையும் பல் துலக்குகிறேன். கெட்டியான பிரஷ்தான் வாங்குவேன். இரண்டே மாதத்தில் அதன் நார்கள் விரிந்துவிடும். அவ்வளவு தேய்த்தும் துப்பும்போது இரத்தம் வருகிறது. இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாமா? வேலங்குச்சிக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: தொடாமல் விட்டுவிடாதீர்கள். பிரஷ்ஷின் நார்கள் இரண்டு மாதத்தில் விரிந்துவிடுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் பலமெல்லாம் பல்லின் நடுப்பகுதியில் செலவாகிறது, அழுக்கு இருப்பதோ பல்லும் ஈறும் சேரும் விளிம்பில்.

அந்த விளிம்பை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அரைத்த மாவைப் போல வெளுத்த ஒன்று நகத்தில் ஒட்டிவரும். பாக்டீரியாக்கள் கூடிவாழும் படலம் அது. வாய் கொப்பளித்தால் போகாது, ஆனால் நகம் பட்டாலே பெயரும் அளவுக்கு மெத்தென்றது; ஆகவே அதை எடுக்க வலிமை வேண்டியதில்லை, நார் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து காரையாக இறுகிவிடும். அதன்பின் எந்தப் பிரஷ்ஷாலும் பெயர்க்க முடியாது.

ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1965இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. நீங்கள் நாள் தவறாமல் துலக்கினாலும், உங்கள் ஈறு விளிம்பைப் பொறுத்தவரை துலக்காதவர் நிலையில்தான் இருக்கிறீர்கள்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் உண்டு. மென்மையான நார் கொண்ட பிரஷ்ஷை எடுத்து, நார் நுனிகள் ஈறு விளிம்பைப் பார்க்கும்படி 45 பாகை சாய்த்து வைத்து, இடத்தை விட்டு நகராமல் நடுங்குவதுபோல் முன்னும் பின்னும் சிறிதளவே அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கிப் புரட்டி எடுங்கள். இரண்டு மூன்று பற்கள் முடிந்தபின் அடுத்த இடம். தறியில் நாடா ஓடுவதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிரஷ்ஷை ஓட்டினால், காலப்போக்கில் ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்தில் வெட்டு விழுந்து, நம் ஊர் வெயிலுக்குக் குளிர்ந்த மோர் குடித்தால்கூடக் கூசத் தொடங்கும். கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள்; எச்சில் சுரப்பிகளின் வாய் அருகிலேயே திறப்பதால் காரை முதலில் சேருவது அங்கேதான். மொத்தம் இரண்டு நிமிடம் போதும்.

வேலங்குச்சியைப் பற்றி: 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதை நான் மறுக்கவில்லை. வேலூர் என்ற பெயரே வேலமரத்தால் வந்தது என்று சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் வேலமரத்தைக் குறைசொல்லிவிட்டு நான் தப்ப முடியுமா? ஆனால் நன்றாக மென்று நாராக்கிய குச்சியும் கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கு எளிதில் எட்டாது. மெல்லாத குச்சியால் தேய்த்தால் ஈறு கிழியும். பல்லிடுக்குக்குள் பிரஷ்ஷும் சரியாக நுழைவதில்லை என்பதால், இரவில் மட்டுமாவது பல்லிடுக்கு நூலையோ சிறு இடுக்குப் பிரஷ்ஷையோ பயன்படுத்துங்கள்.

முறையை மாற்றிய முதல் சில நாட்கள் இரத்தம் வரத்தான் செய்யும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். இரண்டு வாரம் கழிந்தும் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் சென்று காரையை நீக்கிக்கொண்டு, அப்படியே சர்க்கரையையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் இரத்தம் குறைவாகவே தெரியும் என்பதால், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.