லிஸ்பனில் முட்டி வலியோடு மூன்று நாள்

கேள்வி: ஜூன் இரண்டாம் வாரம் அம்மாவை (வயது 67) அழைத்துக்கொண்டு மூன்று நாள் லிஸ்பன் போகிறேன். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். படி என்றால் கஷ்டம். அல்ஃபாமாவில் ஓர் அபார்ட்மென்ட் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா? 28-ஆம் எண் டிராமில் ஏறினால் ஊர் முழுக்கப் பார்த்துவிடலாம் என்கிறார்களே? நாங்கள் சைவம், முட்டை சேர்ப்போம்.

பதில்: அல்ஃபாமா வேண்டாம். அழகான இடம்தான், ஆனால் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். வாசல் வரை டாக்சி வராது. அதோடு, ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழா. சந்து சந்தாக மத்தி மீன் சுட்டு, பாட்டுப் போட்டு, விடிய விடியக் கொண்டாடுவார்கள். அன்றைக்கு அங்கே தூக்கம் என்பது கிடையாது.

பைஷா பகுதியில் அறை எடுங்கள். 1755 நவம்பர் 1 பூகம்பமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் தீயும் அந்தப் பகுதியை அழித்த பிறகு, பொம்பால் என்ற அமைச்சரின் மேற்பார்வையில் நேர்நேரான தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். அதனால் ரோசியூ சதுக்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை சமதளம். மெட்ரோவும் பக்கம். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது.

லிஸ்பனுக்குத் திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். மேப்பில் 400 மீட்டர் என்று காட்டுவது மூன்று மாடி ஏற்றமாக இருக்கும். "மேலே வண்டியில் போய், கீழே நடந்து வாருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது சரிப்படாது. தேய்ந்த முட்டிக்குப் பலருக்கும் ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. போதாக்குறைக்கு நடைபாதையெங்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள், தேய்ந்து வழவழவென்று இருக்கும். தூறல் விழுந்தால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ கட்டாயம். ஏற இறங்க இரண்டுக்கும் வண்டி, ஒரே மட்டத்தில் மட்டும் நடை. ஊபர், போல்ட் ஆப் டாக்சிகள் தாராளமாகக் கிடைக்கும்.

28-ஆம் எண் டிராம் 1930களின் சின்ன வண்டி. படி உயரம், இருக்கை கொஞ்சம், கூட்டம் நெரியும். பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. ஆசையாக இருந்தால் காலையில் சீக்கிரமே காம்போ து ஓரிகே முனையில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். மறுமுனையான மார்த்திம் மோனிஸில் வரிசையில் நிற்கவே வேண்டாம். குன்றின் மேலிருக்கும் சாவ் ஜோர்ஜ் கோட்டைக்கு 737 பஸ் இருக்கிறது, ஃபிகெய்ரா சதுக்கத்தில் ஏறலாம். உள்ளே மதில் மேல் ஏறாமல், பைன் மர நிழலில் இருக்கும் திடலிலிருந்தே ஊரும் ஆறும் தெரியும். பைஷாவிலிருந்து ஷியாடு மேட்டுக்குப் போக மெட்ரோ நிலையத்துக்குள் இருக்கும் எஸ்கலேட்டர்களைப் பயன்படுத்துங்கள். ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஏறும் மஞ்சள் கேபிள் வண்டிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள், மற்றவற்றையும் அப்போது நிறுத்தினார்கள். எது ஓடுகிறது என்று கிளம்பும் முன் பாருங்கள்.

ஒரு முழு நாளை ஊரின் மேற்கே ஆற்றோரம் இருக்கும் பெலேமுக்குக் கொடுங்கள், திங்கட்கிழமை தவிர. அன்றைக்கு ஜெரோனிமோஸ் மடம் மூடியிருக்கும். கைஷ் து சோட்ரேயிலிருந்து 15-ஆம் எண் டிராம் அல்லது ரயில். மடத்து தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. சுற்று மண்டபத்தில் கீழ்த்தளமே போதும்: கயிறு, பவளம், கடல் உயிர்கள் என்று தூண் தூணாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். (1554-இல் ரோமன் எழுத்தில் தமிழ் முதன்முதலாக அச்சேறியதும் இந்த லிஸ்பனில்தான்.) பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே குறுகலான சுழல் படி. மடத்திலிருந்து அங்கே டாக்சியிலேயே போங்கள். நடுவில் ரயில் பாதையைத் தாண்ட சுரங்கப்படியோ மேம்பாலமோதான் வழி. 65 தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போது கேளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பக்கத்து மலையூரான சிந்த்ராவை இந்த முறை விட்டுவிடலாம். ஏற்றமும் வரிசையும் அம்மாவைப் படுத்திவிடும். அதற்குப் பதில் ஒரு மாலை கைஷ் து சோட்ரேயில் படகேறி அக்கரையில் இருக்கும் கசில்யாஷ் போய் வாருங்கள். சுமார் பத்து நிமிடம், டிக்கெட் மலிவு, ஊரின் மொத்த முகமும் தண்ணீரிலிருந்து தெரியும். மெட்ரோ, பஸ், படகு எல்லாவற்றுக்கும் நாவெகான்த் என்ற பயண அட்டை செல்லும். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும்.

சாப்பாடு பெரிய சிக்கல் இல்லை. மார்த்திம் மோனிஸ் பக்கம் இந்திய, நேபாள உணவகங்கள் நிறைய. 1837 முதல் இருக்கும் பெலேம் கடையின் கஸ்டர்ட் டார்ட்டில் மஞ்சள் கரு உண்டு, உங்களுக்குச் சரி. வெளியே தெரியும் நீள வரிசை பெரும்பாலும் பார்சலுக்கு. உள்ளே பெரிய கூடங்கள் இருக்கின்றன, போய் உட்காருங்கள். கால்து வேர்து கீரை சூப்பைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பன்றி சாசேஜ் துண்டு மிதக்கும். அப்புறம், கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், சீஸ் எதுவும் இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், பில்லில் சேர்க்க மாட்டார்கள்.