குப்பை வண்டியும் டீசல் கணக்கும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

மாநகராட்சி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். குப்பை வண்டி, தண்ணீர் லாரி, சாக்கடை அடைப்பு எடுக்கும் வண்டி எல்லாம் என் கையில் வந்து போனவை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு: எங்கள் காம்பாக்டர் (குப்பையை அமுக்கி ஏற்றும் வண்டி) லிட்டருக்கு 2 கிலோமீட்டர்தான் தருகிறது. சங்ககிரியில் அதே சேஸிஸ் லாரி 5 தருகிறது. டிரைவர் டீசல் எடுக்கிறாரோ?

எடுத்த எடுப்பில் டிரைவரைச் சந்தேகப்படாதீர்கள். சங்ககிரி லாரி ஓடினால்தான் டீசல் குடிக்கும். காம்பாக்டர் நின்றபடியும் குடிக்கும். தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக் குப்பையை அமுக்கும்போது, எஞ்சின்தான் பிடிஓ (எஞ்சின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) வழியாக ஹைட்ராலிக் பம்பைச் சுற்றுகிறது. மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, டேங்க் மட்டும் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் ஓட்டம் 45 கிலோமீட்டர், டீசல் 21 லிட்டர். மேலோட்டமாகப் பார்த்தால் லிட்டருக்கு 2 சொச்சம். அமுக்கும் வேலை 4 மணி நேரம், அதற்கு மணிக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 லிட்டர் போய்விட்டது. மீதி 9 லிட்டரில் 45 கிலோமீட்டர் என்றால் லிட்டருக்கு 5. வண்டி சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அதனால் லாக் புக்கில் கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும், கொட்டிய டன்னையும் எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாத லாக் புக்கை வைத்து யார் மேலும் நடவடிக்கை எடுக்காதீர்கள்.

திருப்பூர் (ஓட்டுநர்): ஐயா, இதைத்தானுங்க நாங்க பத்து வருஷமா சொல்றோம். மைலேஜ் குறைஞ்சா எங்களுக்குத்தான் மெமோ.

உங்கள் வேதனை நியாயமானது. மெமோ வந்தால் மணிக் கணக்கை எழுதி, அதையே பதிலாகக் கொடுங்கள்.

ஈரோடு, மறுபடியும்: அப்போ திருட்டே நடக்கலைன்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. நடக்கிற இடத்தில் நடக்கிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் டேங்க் நிரம்பப் போடுங்கள், அடுத்த நாள் போடும் அளவுதான் அன்றைய செலவு. ஒரே வழித்தடத்தில் ஒரே வண்டியை இரண்டு வாரம் ஓட்டி, மணிக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். திடீரென்று தாவினால் முதலில் ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் ஆளைப் பாருங்கள்.

சேலம்: ஜிபிஎஸ் மாட்டியாச்சு. இன்னும் லாக் புக் எதற்கு?

ஜிபிஎஸ் வண்டி எங்கே நின்றது என்று சொல்லும், எத்தனை டன் ஏற்றியது என்று சொல்லாது. லாக் புக் எழுதுங்கள்.

கோவை: புது பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில் சைலன்சர் விளக்கு அடிக்கடி எரிகிறது. ஆட்புளூவும் விலை அதிகம், யூரியா கரைத்து ஊற்றலாமா?

கூடவே கூடாது. ஆட்புளூ என்பது புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க ஊற்றும் திரவம். அது 32.5 சதவீத சுத்தமான யூரியாவும் தாது நீக்கிய தண்ணீரும். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அதையும் போர் தண்ணீரையும் கலந்து ஊற்றினால் அதைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டும் போய்விடும். அந்தச் செலவில் பல வருஷத்து ஆட்புளூ வாங்கலாம்.

விளக்கு எரிவதற்குக் காரணம் வேறு. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் நன்றாகச் சூடானால்தான் கரி எரிந்து சுத்தமாகும். வார்டுக்குள் பத்தடிக்கு ஒரு நிறுத்தம் என்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது. விளக்கு எரிந்த அன்றே நீலாம்பூர் பைபாஸில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்தே கரியை எரிக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் வெட்டவெளியில் செய்யுங்கள், காய்ந்த சருகு மேல் வேண்டாம். தள்ளிப்போட்டால் ஃபில்டரையே மாற்ற நேரும்.

நாமக்கல்: எங்கள் பேரூராட்சியில் 2008ல் பதிந்த டிராக்டர். எஞ்சின் கல் மாதிரி இருக்கு. புதுப்பிக்கலாமா?

முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல், முதல் பதிவிலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது. உள்ளாட்சி வண்டிகளும் இதில் அடக்கம். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எஞ்சினுக்குச் செலவு செய்யாதீர்கள்.

பொள்ளாச்சி: டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லை, ஏன்?

அது அரசுப் போக்குவரத்துக் கழகம். அவர்களைக் கேளுங்கள்.

கரூர்: காம்பாக்டர் மைலேஜ் ஏன் கம்மி?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தாராபுரம்: சார், எங்க வண்டியும் 2 தான் தருது, என்ன செய்ய?

அதே பதில்தான். மணி நேரத்தை எழுதி இரண்டு வாரம் கழித்துக் கணக்கோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

கோபி: குப்பை வண்டி அடித்தட்டு இரண்டு வருஷத்தில் ஓட்டை விழுகிறது.

குப்பையிலிருந்து வடியும் தண்ணீர் இரும்பைத் தின்கிறது. கொட்டிவிட்டு வந்த அன்றே கழுவுங்கள், ராத்திரி ஊறவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கழுவினால் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். அடித்தட்டில் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று நாளைக்குக் காலையிலேயே கம்பி விட்டுப் பாருங்கள்.