கடல் வருமானம் யார் கைக்குப் போகிறது? சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மீன்பிடித் தடைக்காலத்திலும் சேலத்தில் கடல்மீன் கிடைக்கிறதே, தடை பெயரளவுக்குத்தானா? (வாசகி, அம்மாபேட்டை)

இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தடை விதிக்கப்படுவது விசைப்படகுகளுக்குத்தான்; நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குச் செல்கின்றன. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 அன்றுதான் தொடங்குகிறது என்பதால், அதுவரை கேரளத்து மீனும் இங்கு வரும். சமூக அறிவியல் கவனிப்பது வேறொன்றை. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதை உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கிட்டுக்கொள்ளும் முறையில், படகு ஓடாத நாளுக்குப் பங்கு கிடையாது. அரசு நிவாரணம் தருகிறது என்றாலும், மீன்வளம் பெருகுவதற்கான விலையின் பெரும்பகுதியைக் கடனாளியாகிக் கட்டுபவர் படகுத் தொழிலாளியே என்பது என் கருத்து.

கடல் இல்லாத மாவட்டத்துக்குக் கடலைக் காப்பதில் என்ன பொறுப்பு? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் கழிவையும் சுமந்துகொண்டு காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. கடல் மாசின் பெரும்பகுதி நிலத்திலிருந்தே போகிறது.

பொதுச் சொத்தான கடலை, கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் எல்லோரும் சுரண்டிவிட மாட்டார்களா? (கல்லூரி மாணவர், ஏற்காடு)

பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, அதைக் காப்பாற்ற முடியும் என்று உலகெங்கும் உள்ள சான்றுகளைக் கொண்டு காட்டியவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம்; 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நம் கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் வலை குறித்தும் நேரம் குறித்தும் விதி வைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் பெருமுதலீடு நுழையும்போது ஊர் விதி மட்டும் போதுவதில்லை. மீன் கூட்டத்தை வளைத்து, அடிப்பக்கத்தைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000இல் தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரு நாள் மட்டும் நிபந்தனைகளுடன் அதை அனுமதித்தது. இதற்கிடையே அந்த வலையை வைத்திருக்கும் ஊர்களும் இல்லாத ஊர்களும் மோதிக்கொண்டன. ஒரே தொழில், ஒரே கடல் என்றாலும் மீனவர் அனைவரின் நலனும் ஒன்றல்ல.

கடற்பாசி வளர்ப்பு பெண்களுக்கு வருமானம் தரும் என்கிறார்களே? (சுயஉதவிக் குழு உறுப்பினர், ஓமலூர்)

தருகிறது, ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் குழுக்களில் பெண்கள் கணிசமாக உள்ளனர். ஆனால் அதே கடலோரத்தில் தலைமுறைகளாக மூழ்கி, இயற்கையாக வளரும் மரிக்கொழுந்து என்னும் கடற்பாசியை எடுத்துவந்த பெண்களுக்கு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின் நுழைவே சிக்கலாயிற்று. கையால் மட்டுமே எடுப்பது, மாதத்தில் குறிப்பிட்ட நாள்களே இறங்குவது என அவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். வளர்ப்புப் பாசியோ வெளிநாட்டு இனம். பவளப்பாறைகளில் பரவுகிறது என்ற ஆய்வாளர்களின் எச்சரிக்கையும் உண்டு. ஆகவே எத்தனை டன் விளைந்தது என்பதோடு, கடலில் இறங்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, கொள்முதல் விலையை யார் நிர்ணயிக்கிறார் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.