பரணில் இருக்கும் பழைய குடில்

அன்புள்ள ஆலோசகருக்கு,

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு மறுமணம் நடந்தது. கணவரின் மகளுக்கு 13 வயது, தாயை இழந்தவள். என் மகனுக்கு 7 வயது. போன கிறிஸ்துமஸுக்கு எல்லாம் புதிதாகத் தொடங்கட்டும் என்று ஆசைப்பட்டுப் புதுக் குடில் பொம்மைகள் வாங்கினேன். அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் மரத்தை அலங்கரித்து, குடிலையும் வைத்து முடித்தேன். அவள் முகம் மலர்வதைப் பார்க்க வாசலிலேயே நின்றேன்.

"அம்மாவோட குடில் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். அது பரணில் பெட்டிக்குள் இருந்தது. ஒரு மேய்ப்பனுக்குக் கை உடைந்திருந்ததால் நான் அதை எடுக்கவில்லை. அறைக்குள் போனவள் நள்ளிரவு ஆராதனைக்கும் வரவில்லை. கணவர் ஒன்றும் பேசவில்லை. இப்போது மறுபடி டிசம்பர் நெருங்குகிறது. "இந்த வருஷம் மரம் வைப்போமாம்மா?" என்று மகன் கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சொந்தமான ஒரு கிறிஸ்துமஸை எப்படித் தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

வாசலில் காத்து நின்றீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குச் சற்று நேரமானது. உங்கள் அன்பில் குறையே இல்லை. ஆனால் அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் கை வைக்க அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் குடும்பச் சடங்குகளைப் பற்றி எழுதினார்கள். 'நாங்கள் யார்' என்ற உணர்வை ஒரு குடும்பம் அவற்றிலிருந்தே பெறுகிறது என்றார்கள். அந்தக் கை உடைந்த மேய்ப்பன் உங்களுக்குப் பழுதான பொம்மை. அவளுக்கோ அம்மா தொட்டு வைத்த பொருள். பெட்டி பரணிலேயே இருந்தபோது, இந்த வீட்டில் அம்மாவுக்கு இடமில்லை என்றுதான் அவள் புரிந்துகொண்டிருப்பாள்.

முதலில் பேச வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் அல்ல. அவர் மகளோடு உட்கார்ந்து, அவளுடைய அம்மா கிறிஸ்துமஸுக்கு என்னென்ன செய்வார் என்று பேசட்டும். அழுகை வந்தால் வரட்டும். அவருடைய மௌனம்தான் போன வருடம் அவளை அதிகம் தனிமைப்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு, எதை மாற்றவே கூடாது என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே காப்பாற்றுங்கள்.

புதியதாக ஒன்றே ஒன்று போதும். அது யாருடைய பழைய நினைவின் இடத்தையும் பிடிக்காததாக இருக்கட்டும். டிசம்பர் 25-க்குப் பிறகு ஜனவரி 6 வரை நாட்கள் இருக்கின்றன அல்லவா? பல வீடுகளில், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் பொம்மைகளை வீட்டின் ஒரு மூலையில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6-இல் வரும் திருக்காட்சித் திருநாளன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். உங்கள் புதுப் பொம்மைகளில் இருக்கும் ஞானிகளைப் பழைய குடிலை நோக்கி நடக்க விடலாம். மகன் இதில் உற்சாகமாகிவிடுவான். அவள் சேராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஒரு நாள் காலையில் ஞானிகளின் ஒட்டகம் தானாக இடம் மாறியிருந்தால், யார் நகர்த்தியது என்றும் கேட்காதீர்கள்.

1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்னிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இன்று உலகெங்கும் ஏற்றப்படும் திருவருகைக்கால மெழுகுவர்த்தி வளையம் அப்படித்தான் பிறந்தது. நீங்களும் ஞானிகளின் இந்த நடைக்கு 'நம் குடும்ப வழக்கம்' என்று இப்போதே பெயர் வைக்க வேண்டாம். அடுத்த வருடம் பிள்ளைகளில் ஒருவர் 'ஞானிகள் எங்கே?' என்று கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவளுடைய தூக்கம், சாப்பாடு, படிப்பு வாரக்கணக்கில் பாதிக்கப்பட்டால், ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

மேய்ப்பனின் கையை ஒட்டிவிடாதீர்கள். ஒட்டலாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.